ரேணுகாவின் பெயர் போட்ட கோப்பை

1

வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொன்னால், துறையூரில் என் கூடப் படித்தவர்கள் பனியையும் கம்பளிச் சட்டையையும் கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் இருப்பது மாத்தளையில். திருச்சியில் விமானம் ஏறினால் கையில் வாங்கிய காபி ஆறுவதற்குள் கொழும்பு வந்துவிடும். அங்கிருந்து மாத்தளைக்கு வந்து சேர்வதற்குத்தான் பாதி நாள் போய்விடும்.

என் கணவரின் பாட்டனாருக்குப் பாட்டனார் நம் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவராம். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை இவர்களுக்கு டவுனில் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் இந்த வீட்டாருடையது. வியாபாரம் இங்கே, காணி இங்கே, சுடுகாடும் இங்கே. பெண் மட்டும் "ஊரிலிருந்து" எடுக்க வேண்டும் என்பது இவர்கள் பிடிவாதம். அப்படி இறக்குமதி செய்யப்பட்ட சரக்கு நான். வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கிராம்பைக் கராம்பு என்று சொல்லவும் பழகிவிட்டேன்.

வருடாவருடம் கொழும்புக்குப் போய் என் விசாவை நீட்டிக்கொண்டு வர வேண்டும். இங்கே எதற்காகத் தங்கியிருக்கிறாய் என்ற கேள்விக்குக் கணவனோடு வாழ்வதற்கு என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். கல்யாணம் பண்ணிக்கொண்டு போன தோழிகள் யாருக்கும் இப்படி வருடம் ஒருமுறை யோசித்துப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்திருக்காது. போன மாதம் எழுதும்போது பேனா நின்றுவிட்டது. காரணம், ஒரு பிறந்தநாள் பரிசு.

பரிசு வாங்கியதை எழுதவா ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இதை எழுதி இறக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

2

ரேணுகாவை நான் சந்தித்ததே ஒரு காகிதத்தால்தான். நாங்கள் குடியிருப்பது டவுனில் என்றாலும், குடும்பப் பதிவு யட்டவத்தையில் மிளகுத் தோட்டம் இருக்கிற விலாசத்தில் கிடக்கிறது. அதனால் நான் இன்னாருடைய மனைவி, இன்ன இடத்தில் வசிக்கிறேன் என்ற உறுதிக் கடிதத்துக்கு யட்டவத்தைக் கந்தோருக்குப் போக வேண்டும். கந்தோர் என்றால் அலுவலகம். வந்த புதிதில் யாரோ "கச்சேரிக்குப் போகணும்" என்று சொல்ல, நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். இங்கே கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம். அந்தக் கதையை என் கணவர் வீட்டில் இன்னும் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ரேணுகாவைப் பார்த்த அன்று, எப்போதும் கூட வருகிற இவர் வரவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களம் காய்கறிக் கடைக்கு மட்டும்தான் போதும். கவுன்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேனோ, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். சாயம் போன பச்சைக் குடை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"அக்கா, நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்லிவிடுறேன்."

வேலை முடிந்தது. மாலை பஸ்ஸிலும் அவள் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. டவுனில் அப்பாவோடு ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாளாம். தினமும் யட்டவத்தைக்குப் போய் வருகிறாளாம். நான் எதுவும் கேட்காமலே தன்னைப் பற்றிச் சொன்னாள்.

"அப்பா ரோடு கூட்டுற வேலை செஞ்சவரு அக்கா. இப்ப பென்ஷன். நாங்க அவங்களுக்குக் கட்டிக் குடுத்த லயத்துல, அந்த வரிசை வீட்டுல பொறந்து வளந்தவங்கதான். எனக்கு வேலை கெடைச்ச பொறகுதான் வெளிய வந்தோம்."

முகத்தில் அடிப்பது போல முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறாளே என்று அப்போது நினைத்தேன். பிறகு யோசித்தால், சொல்லிவிட்டு அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தில் கைவிட்டு எடுத்துத் தின்றேன். அதை அவள் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். நன்றாகத் திட்டுவாள். "அக்கா, பன்னெண்டு வருஷமா இந்த நாட்டுல சும்மாவா இருந்தீங்க" என்பாள். இங்கே என்னை வாய்நிறையத் திட்டுகிற உரிமையோடு எனக்குக் கிடைத்த முதல் ஆள் அவள். மற்றவர்களுக்கு நான் யாரோ ஒருவரின் மருமகள், இல்லாவிட்டால் "இந்தியாக்காரம்மா". என் பத்து வயது மகள் தாரணிகூடத் தன் சிநேகிதிகளிடம் அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்துகிறாள். போனில் அவர்களோடு மணிக்கணக்காகச் சிங்களத்தில் பேசுவாள். நான் பக்கத்தில் போனால் குரலைத் தாழ்த்தமாட்டாள். எனக்கு விளங்காது என்ற தைரியம்.

3

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தை கெட்டவர் இல்லை. இந்த வாக்கியத்தை நான் பன்னிரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது எனக்குத் தலை பின்னி விட்டவர். பிச்சைக்காரரைக்கூடச் சும்மா அனுப்பமாட்டார். ரேணுகா வந்தால் முன்னறையில் நல்ல கதிரையில் உட்காரச் சொல்வார். "அப்பாவுக்குச் சுகமா" என்று விசாரிப்பார். உடனே தாரணியைக் கூப்பிட்டு முக்குக் கடைக்கு அனுப்பி ஒரு சோடாப் போத்தல் வாங்கிவரச் சொல்வார். கண்ணாடிப் போத்தல், மேலே ஒரு உறிஞ்சு குழாய்.

மற்றவர்கள் யார் வந்தாலும் தேத்தண்ணிதான், அதாவது டீ. கோயில் செயலாளர் வந்தாலும், கராம்பு கொண்டுவருகிற முதலாளி வந்தாலும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி. ரேணுகாவுக்கு மட்டும் கடையிலிருந்து வரவழைத்துக் கொடுக்கிறாரே, படித்த பெண், கவர்மென்ட் உத்தியோகம், அதனால் ஒரு தனி மரியாதை என்று நான் நினைத்தேன். "எங்க அத்தைக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்று துறையூரில் இருக்கிற என் தங்கையிடம் போனில் பெருமையடித்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரத்தோட்டை மலைப்பக்கம் மேகம் இறங்கி விடாமல் தூறிக்கொண்டிருந்த சனிக்கிழமைகளிலும் அதே சோடாதான். ரேணுகா இருமிக்கொண்டே அதை உறிஞ்சுவாள். "வேணாம்னா வச்சிரு" என்பேன். "இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு" என்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிடுவாள்.

4

அவளுடைய பிறந்தநாள் எனக்குத் தெரியவந்தது தற்செயலாகத்தான். அது ஒரு சனிக்கிழமையில் வந்தது. "அன்னைக்கும் பாடம் உண்டா" என்று கேட்டேன். "உண்டு, பரிசு மட்டும் பெரிசா ஒண்ணும் வாங்கி வச்சிடாதீங்க. ஒரு பேனா தந்தாலும் போதும்" என்றாள். எங்களுக்குள் பழக்கம் புதிது. பெரிதாக வாங்கினால் அவளுக்குப் பாரமாகிவிடும். அற்பமாக வாங்கினால் எனக்கு மனசு வராது. சின்னதாக, ஆனால் அவளுக்கென்றே இருக்கிற ஒன்றாக வேண்டும்.

மாத்தளை மெயின் வீதியில் இருக்கிற பரிசுக் கடைகளை நீங்கள் பார்க்க வேண்டும். பார்க்காமலே இருப்பது இன்னும் நல்லது. பாலித்தீன் உறைக்குள் தூசி பிடித்த கரடிப் பொம்மைகள். கக்கூஸ் கழுவுகிற மருந்து வாசனையோடு மெழுகுவர்த்திகள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சிரிக்கிற படத்தோடு போட்டோச் சட்டங்கள். வாங்குகிறவன் அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைக்க வேண்டும். ஆனால் இங்கே பாதி வீட்டில் அந்தத் தம்பதி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதய வடிவத்தில் ஒரு சுவர்க்கடிகாரம், அடியில் பாட்டுப் பாடுகிற குருவி. கடைக்காரப் பையன் அதைப் பாட வைத்துக் காட்டினான். நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

வீட்டில் கேட்டால் இவர், "கடையில நல்ல கராம்பு ஒரு பக்கெட் கட்டிக் குடு" என்றார். பக்கெட் என்றால் இங்கே பாக்கெட். எல்லா வைபவத்துக்கும் இவருக்குத் தெரிந்த பரிசு அதுதான். பல்லேகமவில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அதைத்தான் கொடுத்தார். தாரணி, "நெயில் பொலிஷ் குடுங்க" என்றாள்.

கடைசியில் யோசனை எனக்கே வந்தது. யட்டவத்தையில் அவள் மேசையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதன் மூடியில்தான் தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு என் வீட்டில் வாரா வாரம் சோடா. சரி, ஒரு நல்ல தேத்தண்ணிக் கோப்பை வாங்குவோம், அவள் பெயரையும் போட்டுக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். போட்டோக்கடையில் கோப்பையில் பெயர் அச்சடித்துத் தருகிறார்கள். அவர்களிடம் சிங்கள எழுத்தும் ஆங்கில எழுத்தும்தான் அழகாக இருந்தன. தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று கிடந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்து "ரேணுகா" என்று அச்சடிக்க வைத்தேன். பக்கத்தில் ஒரு சின்ன மல்லிகைப் பூ.

அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். இந்தக் கோப்பை என் வீட்டிலேயே இருக்கட்டும், அவள் வருகிறபோதெல்லாம் அதில் தேத்தண்ணி கொடுக்கலாம், அந்த வீட்டில் தனக்கும் ஒரு பொருள் உண்டு என்று அவளுக்கு இருக்கும் என்று ஒரு படி மேலே போய் யோசித்தேன். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் இரவு அத்தையிடம் கோப்பையைக் காட்டி யோசனையைச் சொன்னேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல வேலை செஞ்ச. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, எந்நாளும் கடைக்கு ஆள் அனுப்பிக்கிட்டு. இதுதான் மொறை."

பன்னிரண்டு வருடத்தில் நான் செய்த சாம்பாரைக்கூட அவர் இப்படிப் பாராட்டியதில்லை. அன்றிரவு நான் சந்தோஷமாகத் தூங்கினேன்.

5

சனிக்கிழமை ரேணுகா ஒரு புது ஊதா நிறச் சுடிதாரில் வந்தாள். தலையில் பூ. கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். தாரணி பிறந்தநாள் பாட்டைப் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பாடினாள். நான் பெட்டியைக் கொடுத்தேன். ரேணுகா வர்ணத்தாளைக் கிழிக்காமல் ஒட்டுத்தாளை நகத்தால் பிரித்து எடுத்தாள். கோப்பையைப் பார்த்ததும் சிரித்தாள். உண்மையான சிரிப்பு. பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எம் பேரைத் தமிழ்ல இவ்வளவு அழகா யாரும் போட்டுத் தந்ததில்லக்கா."

நான் சொன்னேன்: "இது இங்கேயே இருக்கட்டும் ரேணு. நீ வர்றப்பல்லாம் இதுலதான் உனக்கு டீ. உனக்கு மட்டும்தான். வேற யாரும் தொடமாட்டாங்க."

அவளுடைய விரல் பெயரின் மேலேயே நின்றுவிட்டது.

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆமா புள்ள. அங்க பின்பக்க ஜன்னல் கட்டுல எடம் ஒதுக்கி வச்சிருக்கேன். குடிச்சிட்டு நீயே பைப்புல ஒரு அலசு அலசி வச்சிட்டீன்னா யாருக்கும் கரைச்சல் இல்ல."

அத்தை சொன்னது என் மண்டைக்குள் இன்னும் இறங்கவில்லை. அதற்குள் ரேணுகா கோப்பையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். வர்ணத்தாளை நாலாக மடித்துப் பெட்டியின் மேலே வைத்தாள். எழுந்தாள்.

"நீங்களுமாக்கா?" என்றாள். குரல் உயரவில்லை. குடையை எடுத்துக்கொண்டாள். "கொழும்புல இருந்து தம்பி வர்றான். நான் போகணும்."

நான் வாசல் வரை பின்னால் ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மழையும் இல்லை, ஆனால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

6

உள்ளே வந்து தாரணியிடம், "அந்த ஆன்ட்டி ஏன் போயிட்டாங்க?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா என்றால், வேறு யாரிடம் கேட்பது?

அவள் ஏதோ கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது போலச் சொன்னாள்: "தெரியாதாம்மா உங்களுக்கு? அவங்களுக்கு நம்ம கப்புல குடுக்குறதில்லதானே. அதுக்குத்தானே போத்தல். போத்தல்னா திருப்பிக் கடைக்குப் போயிடும். அப்பாயி சொல்லியிருக்காங்க, அவங்கட்டச் சொல்லக் கூடாது, மனசு நோகும்னு."

மனசு நோகுமாம். என்ன ஒரு கருணை.

நம் ஊர் டீக்கடையில் வெளியே கம்பியில் தொங்கின தனி டம்ளர்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் எந்தக் காலம் என்று யாரும் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். அது அங்கேயே கிடக்கிறது என்று நினைத்துத்தான் நான் கடல் தாண்டினேன். இங்கே இருக்கிற நம் சனம் எல்லாம் ஒரே கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த சனம். ஒரே காட்டுப்பாதையில் நடந்து, வழியில் கொத்துக் கொத்தாகச் செத்து, மிஞ்சியவர்கள் பெற்ற பிள்ளைகள். இன்றைக்கும் இவர்களைப் பார்த்து "நீங்கள் இந்தியாக்காரர்தானே" என்று யாராவது சொன்னால் அத்தைக்கு மூக்கு சிவந்துவிடும். "நாங்க மட்டும் என்ன எளக்காரமா" என்பார். அப்படிப்பட்ட வீட்டார் அந்தக் கப்பலில் துணிமூட்டையோடு இதையும் பத்திரமாகக் கட்டிக் கொண்டுவந்து, தலைமுறை தலைமுறையாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். காலத்துக்கேற்ற மாதிரி அதற்கு உறிஞ்சு குழாயும் போட்டாயிற்று. பெண் மட்டும் ஏன் ஊரிலிருந்து எடுக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சீ.

அத்தையிடம் கேட்டேன். அவர் அசரவில்லை.

"நான் என்ன வாசல்லயா நிக்க வச்சேன்? கதிரையில உக்கார வச்சு, காசு குடுத்து வாங்கித்தானே குடுத்தேன். அந்தக் காலத்துல இவ்வளவு செய்வாங்களா? நீதானே கப்பு வாங்கிட்டு வந்த. இப்ப என்னைய வந்து கேக்குற."

அது உண்மைதான். கப்பு வாங்கி வந்தது நான்தான்.

இரவு இவரிடம் சொன்னேன். என் கணவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல, கடையில எல்லாரோடயும் ஒண்ணாத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்" என்றார். "வீட்டுல?" என்றேன். "வீடு அம்மாட ராச்சியம். அவங்களை இந்த வயசுல மாத்த ஏலுமா? நீ அந்தப் புள்ளைய வெளியில எங்கயாவது சந்திச்சுக்கயேன்." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். மனுஷர் மேல் எப்போதும் இருக்கிற கராம்பு வாசனை எனக்குப் பிடிக்கும். அன்று அது குமட்டியது.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டுக் கோப்பைகளில் எனக்கு எதுவும் இறங்கவில்லை. அலுமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பொன்விளிம்புப் பீங்கான்களைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுத்தமாம். எலி ஓடுகிற கடைப் பலகையில் காய்ந்த மிளகைக் கழுவாமல் வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறார்கள், அதில் ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை. ரேணுகாவின் உதட்டில்தான் ஒட்டிக்கொள்ளுமாம்.

7

போனை அவள் எடுக்கவில்லை. புதன்கிழமை யட்டவத்தைக்குப் போய், கந்தோர் விடுகிற நேரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். என்னைப் பார்த்ததும் நின்றாள். பிறகு பஸ்ஸில் ஏறிப் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல் நாளே எனக்கு வெளங்கிடுச்சுக்கா, அந்தப் போத்தல் வந்தப்பவே" என்றாள். "எங்களுக்கு இது புதுசா? சில வீட்டுல பேப்பர் கப்பு. சில வீட்டுல, அய்யோ இப்பதான் பால் முடிஞ்சுதும்பாங்க. உங்களுக்குத் தெரியலனு எனக்குத் தெரியும். அதனாலதான் வந்தேன். இந்தக்கா ஒண்ணும் தெரியாம எங்கையில இருந்து கடலை எடுத்துத் திங்குறாங்களே, பாவம், இவங்களுக்காகச் சளி பிடிச்சாலும் குடிச்சிட்டுப் போவோம்னு குடிச்சேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க வீட்டுல சண்டை போடுவீங்க. பொறகு வெக்கப்பட்டுக்கிட்டு எங்கூடப் பேசமாட்டீங்க. அதையும் பாத்திருக்கேன்." ஜன்னலைப் பாதி இழுத்து மூடினாள். "அந்தக் கப்பைப் பாத்ததும், சரி, இவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க, இவங்களும் பழகிட்டாங்கனு நெனச்சிட்டேன். அதுதான் தாங்க முடியல."

"அந்தக் கப்பை என்ன செய்யட்டும்?"

"அது உங்க வீட்டுக் கப்பு. என்னைய ஏன் கேக்குறீங்க."

டவுன் வந்துவிட்டது. இறங்கும்போது சொன்னாள்: "உங்க மேல கோவம் இல்லக்கா. ஆனா உங்க வீட்டுக்கு இனி நான் வரமாட்டேன். நீங்க எங்க வீட்டுக்கு வாங்க. தாரணியையும் கூட்டிட்டு வாங்க. ஞாயித்துக்கெழம அப்பாவும் இருப்பாரு."

தாரணியையும் என்று அவள் அழுத்திச் சொன்னது போல எனக்கு இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

8

ஞாயிற்றுக்கிழமை போனோம். அத்தையிடம் சொல்லிவிட்டே போனேன். அவர் தாரணியின் தலையைத் தடவி மட்டும் விட்டார்.

இரண்டு அறை வீடு. தரை கண்ணாடி போலத் துடைத்திருந்தது. ரேணுகாவின் அப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்கம்மா, ஊர்ல எல்லாரும் சுகமா? எங்க பாட்டனாரும் துறையூருக்குப் பக்கந்தான்" என்றார். நான் எந்தக் கிராமம் என்று கேட்டேன். எங்கள் பெரியப்பா வயல் இருக்கிற கிராமத்துக்கு அடுத்த கிராமம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

ரேணுகா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இஞ்சி தட்டிப் போட்ட பால் தேத்தண்ணி. எனக்கு ஒன்று, அவள் அப்பாவுக்கு ஒன்று, தாரணிக்கு ஒன்று. நான் குடித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு தொண்டையில் நல்லபடியாக இறங்கிய முதல் தேத்தண்ணி.

தாரணி தன்னுடையதைத் தொடவில்லை. ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஆடை கட்டியது.

"குடி தாரணி" என்றேன்.

"இப்பதான் வீட்டுல குடிச்சிட்டு வந்தேன், ஆன்ட்டி. தாங்ஸ்" என்றாள். ரேணுகாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவ்வளவு இனிமையாக. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப் போகும்போதுகூட இவள் இவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அவள் எதுவும் குடித்துவிட்டு வரவில்லை.

ரேணுகாவின் அப்பா, "புள்ளைக்கு இஞ்சி உறைக்கும் போல. வெறும் பால் ஆத்திக் குடும்மா" என்றார்.

"பரவால்ல தாத்தா, வேணாம்."

ரேணுகா உள்ளே போய் ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கொண்டுவந்தாள். பிரிக்காத பக்கெட். தாரணியின் முன்னால் வைத்து, அவள் கண்ணெதிரிலேயே கிழித்து நீட்டினாள். தாரணி இரண்டு எடுத்துக்கொண்டாள். ஆறிப்போன தேத்தண்ணியை ரேணுகா எடுத்துத் தானே குடித்தாள். பிறகு நாங்கள் விலைவாசி பேசினோம், மழை பேசினோம், சிங்களத்தில் நான் செய்கிற பிழைகளைப் பேசிச் சிரித்தோம். ரேணுகாவும் சிரித்தாள். அவள் எப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "திரும்பவும் கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள்.

வரும் வழியெல்லாம், என்ன சொல்லித் திட்டுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் தாரணியே பேசினாள். முகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது.

"அம்மா, பிஸ்கட் பக்கெட்டுல இருந்து நேராத்தானே எடுத்தேன். அது பரவால்லதானே? அப்பாயி கேட்டா அப்படிச் சொல்லலாம்தானே?"

நடுவீதியில் நான் நின்றுவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து அருவருப்பு வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர்களை அடித்திருப்பேன். அன்று வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் கையை உதறிவிடத் தோன்றியது. உதறவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, அவளையும் இழுத்துக்கொண்டு ரேணுகாவின் வீட்டை நோக்கி நடந்தேன்.